நெதர்லாந்தின் ஜூன் மாத ஹெர்ரிங் எப்படிப் பக்குவமாகிறது?

நெதர்லாந்தில் ஜூன் மாதம் தெருவோரக் கடை முன்னால் நின்று, ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து கடித்துச் சாப்பிடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அது பச்சை மீனா, 600 வருஷப் பழக்கம் என்கிறார்களே உண்மையா, புழு பூச்சி இருக்காதா, நம்மூர் மத்தியில் இதைச் செய்து பார்க்கலாமா என்று. மீன் பதப்படுத்தும் துறையில் இருப்பவன், இந்த நாட்டில் பல வருஷமாக வாழ்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனைக் கீறி, உப்பிட்டு, பீப்பாயில் அடைக்கிற தொழில் உண்மையிலேயே பல நூற்றாண்டு பழையது. ஆனால் இன்று அந்தக் கடையில் நீங்கள் வாங்கிச் சாப்பிடுகிற மென்மையான, உப்பு குறைந்த, வெண்ணெய் போலக் கரைகிற ருசிக்கு அறுபது வருஷ வயதுகூட முழுதாக ஆகவில்லை. அதைக் கொண்டு வந்தது உறைபதனப் பெட்டி. அந்தப் பெட்டி வருவதற்குக் காரணம் நீங்கள் கேட்ட அதே புழு. இதைப் புரிந்துகொள்ள மீனிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

ஹெர்ரிங் என்பது வடகடலிலும் வட அட்லாண்டிக்கிலும் பெருங்கூட்டமாகத் திரிகிற, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே வளர்கிற வெள்ளி நிற மீன். நம் மத்திக்கு உறவு. மத்தியில் எந்த மாதத்தில் நெய் ஏறும், எந்த மாதத்தில் வற்றிப்போகும் என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும் இல்லையா, ஹெர்ரிங்கும் அதே போலத்தான். குளிர்காலம் முடிகிறபோது அது எலும்பும் தோலுமாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறி, கடலில் நுண்பாசி பெருகி, அதைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகும். ஹெர்ரிங் கூட்டம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவற்றைத் தின்று தீர்க்கும். சில வாரங்களிலேயே உடம்பில் கொழுப்பு மளமளவென்று ஏறிவிடும். அதற்கப்புறம் கோடை வளர வளர, சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் சினை வளர்க்கச் செலவழிக்க ஆரம்பிக்கும். வடகடல் ஹெர்ரிங்கில் பெரும்பகுதி ஆகஸ்ட் தொடங்கி இலையுதிர்காலத்தில் முட்டையிடுகிற இனம். ஆக, கொழுப்பு ஏறி முடிந்து, சினை இன்னும் பிடிக்காமல் இருக்கிற இடைவெளி சில வாரங்கள்தான். மே கடைசியிலிருந்து ஜூலை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் பிடித்த மீன்தான் 'ஹொலண்ட்ஸே நியூவே', அதாவது ஹாலந்தின் புது ஹெர்ரிங். பொதுவான பெயர் 'மாட்யெஸ்'.

கொழுப்பு குறைந்தது 16 சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். 20ஐத் தாண்டுகிற வருஷங்களும் உண்டு. வசந்தகாலம் குளிராக இருந்து கடலில் தீனி தாமதமாகப் பெருகினால், மீனும் தாமதமாகத்தான் கொழுக்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் விற்பனை தொடங்கும் நாளையே தள்ளி வைத்துவிடுவார்கள். தேதியைத் தீர்மானிப்பது காலண்டர் இல்லை, மீனின் உடம்பில் அளந்த கொழுப்பு. ஒரு உணவு வியாபாரம் இந்த அளவுக்கு ஒரு பிராணியின் உடல்நிலைக்குக் கட்டுப்பட்டு நடப்பதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை. புதுசு என்ற பெயரோடு செப்டம்பர் 30 வரை விற்கலாம். அதற்கப்புறம் அதே மீனை மாட்யெஸ் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

சரி, பதப்படுத்தல். இந்த வேலையின் உயிர்நாடி ஒரே ஒரு கத்திக்கீறல். டச்சுக்காரர்கள் அதைக் 'காக்கன்' என்பார்கள். கட்டைவிரல் அளவுக்குக் குட்டையான கத்தி. இடது கையில் மீனை வயிறு மேலே பார்க்கப் பிடித்து, செவுளுக்குக் கீழே தொண்டைப் பக்கம் கத்தியைக் குத்தி ஒரு திருகுத் திருகி இழுப்பார்கள். செவுள், தொண்டை, குடலின் பெரும்பகுதி எல்லாம் ஒரே கொத்தாக வெளியே வந்துவிடும். கழுத்து அறுபட்டதால் ரத்தமும் வடிந்துவிடும். அதனால்தான் சதை வெளிர் நிறமாக இருக்கிறது. வயிற்றைக் கீற மாட்டார்கள், தலையையும் வெட்ட மாட்டார்கள். நல்ல கைகாரர் செய்தால் கண் சிமிட்டுகிற நேரம்தான்.

இதில் வெளியே எடுப்பதை விட உள்ளே விட்டுவைப்பதுதான் முக்கியம். இரைப்பை முடிகிற இடத்தில் விரல் விரலாகத் தொங்குகிற சின்னக் குழாய்கள் இருக்கும். ஹெர்ரிங்கின் கணையம் நம்முடையதைப் போலத் தனி உறுப்பாக இல்லாமல் இந்தக் குழாய்களைச் சுற்றிப் பரவியிருக்கிறது. கீறும்போது இந்தப் பகுதியை மட்டும் வேண்டுமென்றே உள்ளே விட்டுவிடுவார்கள். உயிரோடு இருந்தபோது மீன் தின்றதைச் செரிக்க வைத்த ட்ரிப்சின் போன்ற நொதிகள் அதில் நிறைந்திருக்கின்றன. அதுவும் வசந்தகாலம் முழுக்க வயிறு முட்டத் தின்ற மீன் என்பதால் நொதி அபரிமிதமாகச் சுரந்திருக்கும். மீன் செத்த பிறகு, உப்பு நீரில் கிடக்கும்போது, அந்த நொதிகள் மெதுவாகச் சதைக்குள் ஊறி, புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைக்கின்றன. விறைப்பான சதை இளகும். நடுமுள்ளிலிருந்து சதை சுலபமாகக் கழன்று வரும். புரதம் உடைந்து வருகிற அமினோ அமிலங்கள் சூப்பில் வருவது போன்ற ஆழமான ருசியைக் கொடுக்கும்.

அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: நெருப்புக் காட்டவில்லை என்ற அர்த்தத்தில் பச்சை மீன்தான். ஆனால் ஜப்பானிய சஷிமியைப் போல வெட்டியதும் சாப்பிடுகிற பச்சை மீன் இல்லை. தன் நொதியாலேயே பக்குவமான மீன். வினிகரில் ஊறுவதில்லை என்பதால் புளிக்காது. வினிகரில் போட்ட ஹெர்ரிங், சுருட்டிக் குச்சி குத்திய ரோல்மாப்ஸ் எல்லாம் தனி வகை. ஸ்வீடனில் இதே மாதிரிப் பெயரில் விற்பதில் சர்க்கரையும் மசாலாவும் சேர்ந்திருக்கும். அது வேறு ருசி.

கணையத்தை முழுதாக எடுத்துவிட்டு உப்பிட்டால் என்ன ஆகும்? மீன் கெடாது, ஆனால் கனியாது. ரப்பர் மாதிரி உப்புச் சதையாக நிற்கும். விட்டுவைத்து, அதிக நாள் வெதுவெதுப்பில் போட்டுவிட்டால் களியாகக் குழைந்துவிடும். உப்பு, குளிர், நேரம் மூன்றையும் வைத்து அந்த நொதிக்கு எவ்வளவு தூரம் இடம் கொடுப்பது என்பதுதான் முழுத் தொழிலும். இப்போதெல்லாம் ஓரிரண்டு நாள், சில சமயம் கொஞ்சம் கூட, குளிர் அறையில் வைத்துக் கனிய விடுகிறார்கள். சதையில் உப்பு இரண்டு மூன்று சதவீதம் அளவில்தான் நிற்கும்.

இனி 600 வருஷக் கதை. எந்தச் சுற்றுலாக் கையேட்டைத் திறந்தாலும் 14ஆம் நூற்றாண்டில் ஸீலாந்துப் பகுதியின் பீர்ஃப்ளீட் என்ற ஊரில் வாழ்ந்த வில்லெம் பியூகெல்சோன் என்ற மீனவர்தான் இந்தக் கீறலைக் கண்டுபிடித்தார் என்று இருக்கும். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1556இல் அவர் கல்லறைக்கே போய் மரியாதை செலுத்தினார் என்பதும் அதோடு சேர்ந்து வரும். ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் அவரைக் கண்டுபிடிப்பாளராக ஏற்பதில்லை, அவர்கள் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. இன்றைய தென் ஸ்வீடனில் இருக்கிற ஸ்கோனே கடற்கரையில், ஹான்ஸா என்ற வட ஜெர்மன் நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள் நடத்திய பெரிய ஹெர்ரிங் சந்தைகளில் அதற்கு முன்பே இப்படிக் கீறி உப்பிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. டச்சு மீனவர்களும் வணிகர்களும் அங்கே போய் வந்தவர்கள்தான்.

டச்சுக்காரர்கள் உண்மையில் செய்த பெரிய காரியம் வேறு. கரையில் செய்துகொண்டிருந்த வேலையைக் கப்பலுக்கு ஏற்றினார்கள். ஸ்கோனேயில் மீன் கரைக்கு அருகே வரும், பிடித்து உடனே கரையில் கீறலாம். வடகடலில் மீன் இருப்பது ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஷெட்லாந்து தீவுகளுக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஹாலந்துக்குத் திரும்புவதற்குள் மீன் நாறிவிடும். அதனால் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஹாரிங்பைஸ்' என்ற பெருவயிற்றுக் கப்பல் உருவானது. ஹோர்ன் துறைமுகத்தில் 1416 வாக்கில் பெரிய வலையோடு இது கிளம்பியது என்பார்கள். வலை, உப்பு, காலிப் பீப்பாய், கீறுகிற ஆட்கள், எல்லாம் ஒரே கப்பலில். இரவில் வலை விரிப்பார்கள், விடிந்ததும் மேல்தளத்திலேயே கீறி உப்பிட்டு அடைப்பார்கள். வாரக்கணக்கில் கடலிலேயே இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் நல்ல காலத்தில் இப்படிச் சுமார் 500 கப்பல்கள் இருந்தன. ஆம்ஸ்டர்டாம் ஹெர்ரிங் முள்ளின் மேல் கட்டிய ஊர் என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. ஷெட்லாந்தில் இருக்கிற லெர்விக் நகரம் முளைத்ததே கோடையில் வந்து குவிந்த இந்த டச்சு மீனவர்களோடு வியாபாரம் செய்யத்தான். என்க்ஹாய்சன் நகரத்தின் சின்னத்தில் இன்றைக்கும் மூன்று ஹெர்ரிங் மீன் இருக்கிறது.

அந்தக் கப்பல்களை விட எனக்கு வியப்பாக இருப்பது அவர்கள் போட்ட விதிகள். 'பெரும் மீன்பிடிக் கழகம்' என்று சொல்லத்தக்க ஒரு அமைப்பு 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தத் தொழிலை ஆண்டது. என்க்ஹாய்சன், ராட்டர்டாம், ஸ்கீடாம், டெல்ஃப்ட், ப்ரில் ஆகிய நகரங்களின் பிரதிநிதிகள் அதில் இருந்தார்கள். ஜூன் 24, யோவான் திருநாளுக்கு முன்னால் வலை போடக் கூடாது. கப்பல் தலைவர்கள் அதற்குச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எந்த உப்பு, எப்படிப்பட்ட பீப்பாய், எந்த மாதத்து மீனை எதோடு கலக்கக் கூடாது என்பதற்கெல்லாம் விதி. கரைக்கு வந்ததும் பரிசோதகர் பார்த்துப் பீப்பாயில் சூட்டு முத்திரை வைப்பார். பால்டிக் பக்கம் ஏதோ ஒரு ஊரில் இருக்கும் வாங்குபவர், திறந்து பார்க்காமலேயே அந்த முத்திரையை நம்பிப் பணம் கொடுத்தார். மற்றவர்களிடமும் மீன் இருந்தது, உப்பு இருந்தது, கத்தி இருந்தது. இந்த நம்பிக்கைதான் இல்லை. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் கரையோரத்திலேயே பிடிபட்ட இந்த மீனைப் பார்த்துப் பொருமியதற்கும் இதுதான் காரணம். மீன் அவர்கள் வாசலில், லாபம் ஹாலந்தில்.

அந்த விதிகளுக்கு ஒரு கொடுமையான முகமும் உண்டு. இன்று புது ஹெர்ரிங் என்றாலே ஸ்கெவெனிங்கன் என்ற கடற்கரை ஊரைத்தான் காட்டுவார்கள், கொண்டாட்டமும் அங்கேதான். ஆனால் ஸ்கெவெனிங்கன், காட்வைக் மாதிரியான கடற்கரைக் கிராமத்து மீனவர்கள் ஹெர்ரிங்கைக் கீறுவதற்கே தடை இருந்தது. அந்த உரிமை பெரும் மீன்பிடி நகரங்களுக்கு மட்டும்தான். கிராமத்தார் பிடித்த மீனைக் கீறாமல் கரைக்குக் கொண்டு வந்து, அப்படியே விற்கலாம் அல்லது புகை போடலாம். 1857இல் வந்த மீன்பிடிச் சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. துறைமுகம்கூட இல்லாத ஊர் அது. அடி தட்டையான 'போம்ஸ்கௌட்' படகுகளை மணலில் ஏற்றித்தான் நிறுத்துவார்கள். 1894 டிசம்பரில் அடித்த புயல் கரையில் கிடந்த படகுகளைச் சிதறடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் துறைமுகம் கேட்டுப் போராடி, 1904இல் அது கிடைத்தது. இன்றைக்கு ஸ்கெவெனிங்கன் கொண்டாடுகிறது என்றால், தாமதமாகக் கிடைத்த ஒரு உரிமையை அது கொண்டாடுகிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இதெல்லாம் இருந்தாலும், அந்தப் பீப்பாய் ஹெர்ரிங்கை நீங்கள் சாப்பிட்டிருந்தால் இன்றைய மீனோடு சேர்த்தே நினைக்க மாட்டீர்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காக உப்பைக் கொட்டி அடைத்த மீன் அது. தண்ணீரிலோ பாலிலோ ஊற வைத்து உப்பை இறக்கித்தான் சாப்பிட வேண்டும். ஏழைகளுக்கும், படைவீரர்களுக்கும், இறைச்சி விலக்கிய தவக்கால நாட்களுக்குமான சாப்பாடு. பருவத்தின் முதல் மீனை மட்டும் உப்பு குறைத்து, வேகமான சிறு கப்பல்களில் ஊருக்கு அனுப்புவார்கள். அதற்குத்தான் போட்டி, அதற்குத்தான் விலை. அந்த மெல்லிய உப்பு மீன் சில வாரங்களுக்கு மட்டும் கிடைத்த அபூர்வம்.

20ஆம் நூற்றாண்டில் பனிக்கட்டியும் குளிர்சாதனமும் பரவ, மக்கள் இன்னும் இன்னும் உப்பு குறைந்ததையே கேட்க ஆரம்பித்தார்கள். புழுவின் கதை இங்கேதான் வருகிறது. கடலிலேயே கீறி உப்பிட்ட காலத்தில் குடல் உடனே வெளியே போய்விடும், மிச்சத்தைக் கடும் உப்பு பார்த்துக்கொள்ளும். 1950களில் மீனைக் குடலோடு பனிக்கட்டியில் போட்டுக் கரைக்குக் கொண்டு வந்து, அங்கே கீறி, லேசாக உப்பிடும் பழக்கம் பரவியது. அனிசாக்கிஸ் என்ற உருளைப்புழுவின் குஞ்சுகள் ஹெர்ரிங்கின் வயிற்றறையில் சுருண்டு கிடக்கும். அவை வளர்ந்து முட்டையிடுவது திமிங்கிலம் போன்ற கடல் பாலூட்டிகளின் வயிற்றில். இடையில் மீன் வெறும் வாகனம். மீன் செத்து நேரம் ஆக ஆக அந்தக் குஞ்சுகளில் சில சதைக்குள் நகர்ந்துவிடும். லேசான உப்பு அவற்றைக் கொல்லாது. அப்படி உயிரோடு உள்ளே போன புழு மனிதக் குடல் சுவரைத் துளைக்கப் பார்க்கும். தாங்க முடியாத வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு, குடல்வால் அழற்சி என்றோ குடல் அடைப்பு என்றோ நினைத்து வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். லைடன் ஆய்வாளர் வான் தீல் தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1960இல் இந்தப் புழுவையும் ஹெர்ரிங்கையும் நோயாளிகளையும் இணைத்து வெளியிட்ட கட்டுரைதான் உலகத்துக்கு இந்த நோயைத் தெரியப்படுத்தியது. இன்றைக்கு சுஷி சாப்பிடுபவர்களுக்கு டாக்டர்கள் சொல்கிற எச்சரிக்கையின் வேர் ஹாலந்தின் ஹெர்ரிங்கில் இருக்கிறது.

1968இல் நெதர்லாந்து அரசு சட்டம் போட்டது. இப்படிப் பச்சையாகச் சாப்பிடுகிற ஹெர்ரிங்கை விற்பதற்கு முன் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைத்தே ஆக வேண்டும். அந்தக் குளிரில் புழுக் குஞ்சு செத்துவிடும். நோயும் சட்டென்று அடங்கிவிட்டது. உணவுப் பாதுகாப்பில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்த சட்டங்கள் குறைவு. அதனால் உங்கள் புழு பயத்துக்கு நேரான பதில்: நெதர்லாந்தில் முறையாக விற்கிற மீனில் அந்தப் பயம் வேண்டாம், எல்லாம் உறைந்து உருகிய மீன்தான். கடைக்காரர் 'இன்று காலை கடலிலிருந்து வந்தது' என்று சொன்னால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் போட்டபோது யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. உறைய வைத்தால் மீன் உப்பே இல்லாமல்கூடக் கெடாது. ஆக, காப்பாற்றுகிற வேலை உப்பின் கையிலிருந்து குளிரின் கைக்குப் போய்விட்டது. உப்பு வெறும் ருசிக்கும், நொதியைக் கட்டுக்குள் வைப்பதற்கும் போட்டால் போதும். நன்றாகக் கனிந்த தருணத்தில் உறைய வைத்தால் அந்தத் தருணம் அப்படியே நின்றுவிடும். வேண்டும்போது உருக்கிக்கொள்ளலாம். முன்பு முதல் சில வாரங்களுக்கு, அதுவும் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கிடைத்த அந்த மெல்லிய உப்பு மீன், டிசம்பரிலும் மார்ச்சிலும் எல்லாருக்கும் கிடைக்க ஆரம்பித்தது. புழுவைக் கொல்வதற்காக வந்த சட்டம்தான் இந்த ருசியைப் பொதுச் சொத்தாக்கியது. பாரம்பரியம் என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட மரபு உணவுப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் செய்முறையில் உறைய வைப்பதும் ஒரு அங்கம். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கத்தி பழையது, நொதி அதைவிடப் பழையது, குளிர் புதுசு. மூன்றும் சேர்ந்தால்தான் இந்த மீன்.

மீனுக்கும் ஒரு சோகமான காலம் இருந்தது. 1960களில் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் வந்து, குஞ்சு மீனைக்கூட விடாமல் வாரி, மீன்மாவுக்கும் எண்ணெய்க்கும் அரைத்துத் தள்ளினார்கள். வடகடல் ஹெர்ரிங் கூட்டம் ஏறத்தாழ அழிந்தே போனது. 1977இல் வடகடலில் ஹெர்ரிங் பிடிப்பதை முழுதாக நிறுத்தினார்கள். 1980களின் தொடக்கத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். அந்தத் தடை மட்டும் இல்லாவிட்டால் இன்று பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் அந்த இடைவெளியில் ஹாலந்தின் பழைய ஹெர்ரிங் படகுகளும் ஆட்களும் கலைந்துவிட்டார்கள். இன்று ஹாலந்தின் புது ஹெர்ரிங் என்று விற்பதில் பெரும்பகுதி டென்மார்க், நார்வே, ஸ்வீடன் படகுகள் பிடித்து, டென்மார்க்கிலும் நார்வேயிலும் இருக்கிற துறைமுகங்களில் இறக்கிக் கீறியது. டச்சு வியாபாரிகள் அங்கேயே போய்த் தங்கி, மீனைத் தடவிப் பார்த்து, ருசி பார்த்து வாங்குகிறார்கள். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இல்லை. ஹாலந்து என்ற பெயர் இங்கே குறிப்பது செய்முறையை, கடலை அல்ல. 17ஆம் நூற்றாண்டிலும் மீன் வந்தது ஸ்காட்லாந்துப் பக்கம், உப்பு வந்தது பிரான்ஸ், போர்ச்சுகல் பக்கம்.

இனி, இந்த மீனுக்காக நடக்கிற திருவிழா. 'ஃப்ளாகெத்யெஸ்தாக்' என்பது கொடிகளின் நாள். முன்பு கப்பல்கள் புறப்படுவதற்கு முன் கொடிகளால் அலங்கரித்துத் துறையில் நிறுத்துவார்கள், குடும்பங்கள் வந்து பார்ப்பார்கள், கப்பல்காரர்களை வழியனுப்புவார்கள். திரும்பி வருவார்களா என்பது நிச்சயமில்லாத காலம் அது. ஸ்கெவெனிங்கனில் 1947இலிருந்து பொதுத் திருவிழாவாக நடக்கிறது. இப்போது ஜூன் மாதம், மீன் வந்த பிறகு நடத்துகிறார்கள். பாரம்பரிய உடை, வாத்தியம், கூட்டம். அதற்குச் சில நாள் முன்னால் முதல் பீப்பாயை ஏலம் விடுவார்கள். பல ஆயிரம் யூரோ போகும், பணம் தர்ம காரியத்துக்கு. நெரிசல் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது லைடன் நகரத்தை. 1574இல் ஸ்பானியப் படை முற்றுகையிட்டு ஊரே பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 3 அன்று கிளர்ச்சிப் படைகள் படகில் வந்து முற்றுகையை உடைத்து, ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும் கொடுத்தன. இன்றும் அதே நாளில் காலையில் ஊர் மக்கள் வரிசையில் நின்று அதே இரண்டையும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சாப்பிடுகிற விதம். கடைக்காரர் கீறி உப்பிட்ட முழு மீனை எடுப்பார். தலையை வெட்டி, வயிற்றைத் திறந்து மிச்சத்தை வழித்து, துடுப்புகளைப் பிய்த்து, தோலைக் கழுத்துப் பக்கமிருந்து வால் நோக்கி ஒரே இழுப்பில் உரிப்பார். பிறகு இரண்டு பக்கத்தையும் நடுமுள்ளிலிருந்து பிரித்து, முள்ளை உருவி எறிவார். வால் மட்டும் இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல மீன் என்றால் வெளிப்பக்கம் வெள்ளிப் பளபளப்பு, உள்ளே வெளிர் ரோஜாவும் லேசான பழுப்பும் கலந்த நிறம், நடுமுள் இருந்த இடத்தில் கொஞ்சம் சிவப்பு. ஓரங்கள் மஞ்சளித்திருந்தால் கொழுப்பு காறிவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள். தோல் உரித்த பிறகு காற்றுப் பட்டால் அந்தக் கொழுப்பு வேகமாகக் கெடும். அதனால் முன்பே சுத்தம் செய்து அடுக்கி வைத்திருக்கிற மீனை விட்டுவிட்டு, உங்கள் கண் முன்னால் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். நல்ல கடையில் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் துண்டு துண்டாக வெட்டி, பொடியாக நறுக்கிய வெங்காயமும் வெள்ளரி ஊறுகாயும் வைத்துக் கொடுப்பார்கள். கடற்கரைப் பக்கத்தில் வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். ரொட்டிக்குள் வைத்தும் கிடைக்கும். வெங்காயம் மீனின் குறையை மறைக்கத்தான் வந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். முதல் மீனை எதுவும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். முதலில் லேசான உப்பு, அப்புறம் கொழுப்பின் இனிப்பு, கடைசியில் மெல்லிய கடல் வாடை. அது பிடித்துப்போனால் இரண்டாவதை வெங்காயத்தோடு வாங்கிக்கொள்ளலாம். மீன் வாடையே ஆகாதவர் என்றால் வெங்காயத்தோடு தொடங்குவதிலும் தப்பில்லை.

கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் கட்டுப்படுத்துபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உறைய வைப்பது புழுவைக் கொல்லும், எல்லா பாக்டீரியாவையும் கொல்லாது.

கடைசியாக, மத்தி. செய்யாதீர்கள். ஆசை புரிகிறது, இரண்டும் உறவு, நெய் ஏறிய மத்தி அருமையான மீன். ஆனால் இந்த முறையில் சமைப்பது நெருப்பு இல்லை, நொதி. அதைக் கட்டுப்படுத்துவது குளிர். மீன் பிடிபட்ட நிமிடத்திலிருந்து கீறும்வரை, கீறியதிலிருந்து உறையும்வரை ஒவ்வொரு மணி நேரமும் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் இருந்தாக வேண்டும். நம்மூர் வெயிலில் கரைக்கு வந்து, ஏலம் போய், சந்தைக்கு வந்த மத்தியில் அதற்குள் பாக்டீரியா வேலையை ஆரம்பித்திருக்கும். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரியான மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு, வாந்தி என்று வருகிற அந்த விஷத்தை உப்பாலும் போக்க முடியாது, உறைய வைத்தும் போக்க முடியாது, வேக வைத்தும் போக்க முடியாது. தவிர, வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டி மைனஸ் 20 டிகிரியை மீனின் நடுப்பகுதி வரை கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. அந்த மத்தியைக் குழம்பு வையுங்கள். ஹெர்ரிங்கை, எப்போதாவது ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகிறபோது, ஜூன் கடைசி வாரமாக இருந்தால் ரொம்ப நல்லது, கூட்டம் அதிகமாக வந்துபோகிற ஒரு மீன் வண்டி முன்னால் நின்று சாப்பிடுங்கள்.